தராசில் எண் ஆடுதா? நிக்கட்டும், அப்புறம் காசு கொடுங்க!

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை எடை போடும்போது எலக்ட்ரானிக் தராசைக் கவனித்திருக்கிறீர்களா? பூவை வைத்த பிறகும் 245, 250, 240 என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும். "கால் கிலோ சரியா இருக்கும்மா" என்று சொல்லிப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். முகூர்த்த நாளில் கிலோ 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 கிராம் என்பது 20 ரூபாய். திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமிருந்து பூ கொண்டுவரும் விவசாயிக்கும் இதே கணக்குதான். அவருக்கு இது தினமும் நடக்கும்.

எண் ஆடுவதெல்லாம் மோசடி இல்லை. ஆனால், ஆடிக்கொண்டிருக்கும் எண் எடையும் இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

எண் ஏன் ஆடுகிறது?

தட்டுக்கு அடியில் 'லோடு செல்' என்ற உலோகக் கட்டை இருக்கிறது. எடை வைத்ததும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிப் பட்டைகள் அந்த வளைவைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும். 30 கிலோ தராசில் முழு எடை வைத்தாலே கிடைப்பது சுமார் 10 மில்லிவோல்ட்தான். அதில் 5 கிராமுக்கு உரிய பங்கு, ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட வராது. இவ்வளவு நுண்ணிய சிக்னலை எதுவும் கலைத்துவிடும்:

• காற்று: தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி தட்டை அழுத்தினாலே சில கிராம் ஏறி இறங்கும்.
• அதிர்வு: ஆடும் மேசை, பக்கத்தில் மூட்டை இறக்குவது.
• மின்சாரம்: நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. மட்டமான சார்ஜர் போட்டால் அந்த இரைச்சல் சர்க்யூட்டுக்குள் புகுந்துவிடும்.
• ரேடியோ அலை: தராசை ஒட்டி வைத்த செல்போன், கியூஆர் சவுண்ட் பாக்ஸ்.
• ஈரம்: பூவில் தெளிக்கும் தண்ணீர் கம்பி இணைப்புகளில் இறங்கினால் எண் மெல்ல நகர்ந்துகொண்டே போகும்.

தராசுக்குள் எப்படி அடக்குகிறார்கள்?

லோடு செல்லிலிருந்து வரும் கம்பிக்கு உலோக வலை உறை போட்டு, வெளி அலைகளைத் தடுக்கிறார்கள். கெபாசிட்டர்கள் வேகமான இரைச்சலை வடிகட்டும். அடுத்து, சிக்னலை எண்ணாக மாற்றும் சிப் வேலை செய்யும். நொடிக்கு 10 முறை அளக்கும் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு நொடிக்குள் மின்சாரம் சரியாக 5 முறை ஏறி இறங்கிவிடும். சராசரி எடுத்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இரைச்சல் போய், எடை மட்டும் நிற்கும்.

கடைசியாக மென்பொருள் பல அளவுகளைச் சேர்த்துச் சராசரி பார்க்கும். சராசரி கூடினால் எண் ஆடாது. ஆனால் நிற்க நேரமாகும். அதனால்தான் நல்ல தராசிலும் இரண்டு மூன்று நொடி பொறுக்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரர்களுக்கு

தராசைச் சமமான, உறுதியான இடத்தில் வையுங்கள். மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். கம்பெனி கொடுத்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் குறை சார்ஜரில் அல்லது மின் இணைப்பில். போனையும் சவுண்ட் பாக்ஸையும் தள்ளி வையுங்கள். இதற்கும் சரியாகவில்லையா? முத்திரையை உடைத்து நீங்களே திறக்காதீர்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, மறுமுத்திரை வாங்கிய பிறகே வியாபாரத்துக்குப் பயன்படுத்துங்கள்.

வாங்குபவர்களுக்கு

1. பொருள் வைக்கும் முன் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.
2. "அண்ணே, நம்பர் நிக்கட்டும்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.
3. தராசின் லேபிளில் 'மேக்ஸ்', 'மின்' என்ற அளவுகள் இருக்கும். 5 கிராம் நுணுக்கமுள்ள சாதாரணக் கடைத் தராசில் 'மின்' 100 கிராம். 50 கிராம் பூவை அதில் நிறுத்தால் நம்பகம் குறைவு. அதற்குச் சிறிய தராசு வேண்டும்.
4. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை கட்டாயம். சான்றிதழ் கடையில் பார்வைக்கு இருக்க வேண்டும். அதில் தேதியைப் பாருங்கள்.
5. செல்போனில் வீடியோ எடுக்கும்போது எண்கள் விட்டுவிட்டு மின்னினால், அதை எடை ஆட்டம் என்று நினைக்காதீர்கள். விளக்கு எண்களை ஒவ்வொன்றாக வேகமாக எரியவிடுவதால், கேமராவுக்கு அப்படித் தெரியும். கண்ணால் பார்த்ததையே நம்புங்கள்.

புகார் செய்ய

முத்திரை இல்லை, பூஜ்யத்தில் நிற்கவில்லை, எடை குறைகிறது என்றால் தமிழ்நாடு தொழிலாளர் துறையின் 'டிஎன்-எல்எம்சிடிஎஸ்' செயலியில் புகார் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம். கடையின் பெயர், இடம், தேதி, பில் இருந்தால் அதன் படம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.