ஒரு முந்திரிப் பருப்பின் பயணம்

பாயசத்தில் மிதக்கும் முந்திரிப் பருப்பை விரும்பாதவர் யார்? ஆனால் அது எத்தனை கடல்களையும் கைகளையும் கடந்து வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முந்திரி நம் மண்ணின் மரமன்று. பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தது. நம் மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் முந்திரி ஆலைகள் பல உள்ளன. மக்கள் அவற்றை 'அண்டி ஆபீஸ்' என்பர். இங்கு விளையும் கொட்டை அவற்றுக்குப் போதாது. ஆகவே தான்சானியா, ஐவரி கோஸ்ட் முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை கப்பலேறி வருகிறது.

அதை உடைத்து, தொலி உரித்து, தரம் பிரிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் கை வெந்து புண்ணாகும். ஆயினும் பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் விலை குறையும். உடைப்போருக்கும் உரிப்போருக்கும் எடைக்கேற்பவே கூலி. கொட்டை வராத நாளில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

கொட்டை வருவதோ உலகச் சந்தையைப் பொறுத்தது. இயந்திரங்களால் உடைக்கும் வியட்நாம், 2006இல் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது. கொட்டை வாங்குவதிலும் போட்டி மிகுந்தது. 2016இல் நம் அரசு இறக்குமதிக் கொட்டைக்கு 5 சதவீத வரி விதித்து, 2018இல் அதைப் பாதியாகக் குறைத்தது. டில்லியில் மாறும் ஓர் எண், மார்த்தாண்டத்து அடுப்பை எரியவும் வைக்கும், அணையவும் வைக்கும்.

மறுகரையில் உள்ளவர் மட்டும் செல்வரா? இல்லை. 2018இல் வியாபாரிகள் தந்த விலை போதாதென்று தான்சானிய விவசாயிகள் விற்க மறுத்தனர். அந்நாட்டு அரசு விலையை உயர்த்தி, இராணுவத்தைக் கொண்டே கொட்டையை வாங்கியது. இப்போது ஆப்பிரிக்க நாடுகள் தாமே ஆலைகள் நிறுவி வருகின்றன. அது அவர்களுடைய உரிமை. ஆனால் அதனால் நமக்கு வரும் கொட்டை குறையக்கூடும்.

அப்படியானால் வாணிபம் தீமையா? அன்று. நம் மாவட்டத்தில் எத்தனையோ தாய்மார் அண்டி ஆபீஸ் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்துள்ளனர். இலாபம் வரும்போது அவர்களுக்குப் பங்கு சிறிது. நட்டம் வரும்போது முதல் அடி அவர்களுக்கு. இதுவே மாற வேண்டியது. உள்நாட்டில் முந்திரி விளைச்சலைப் பெருக்குதல், கையைக் காக்கும் கருவிகள், வேலையில்லா நாட்களுக்கு உதவி ஆகியவை தேவை.

உழைப்பவர் வாழப் போதிய கூலி நீதியின் கடமை என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இலேயே தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். தோழியரே, நாளை நம்முள் சிலர் வணிகராகலாம், சிலர் அதிகாரிகளாகலாம். விலையைக் கணக்கிடும்போது அந்தக் கைகளையும் கணக்கில் சேர்ப்போம்.