சான்றிதழ் வந்துவிட்டது, பில் கட்டு எங்கே?

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரை மணிக்கு மேல் வீடு திரும்புகிறவர்களில் சிலர் இப்போதெல்லாம் நேராகப் படுக்கப் போவதில்லை. சாப்பிட்ட கையோடு போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஆன்லைன் கணக்கு வகுப்பில் உட்காருகிறார்கள். பகல் முழுக்க செக்கிங் டேபிளில் நின்ற பெண், ஜவுளிக்கடை கேஷியர், பி.காம். முடித்துக் கல்யாணமாகிப் பல வருடம் வீட்டோடு இருந்தவர், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து என்ன செய்வதென்று யோசிப்பவர் என எல்லோரும் அதில் உண்டு. நின்றபடி செய்யும் வேலையிலிருந்து உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற வேண்டும் என்பதே அவர்களின் ஆசை.

அந்த ஆசையில் குறை சொல்ல எதுவுமில்லை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து சின்ன நிட்டிங் யூனிட்டுக்குக்கூட மாதாமாதம் கணக்கு எழுத ஆள் தேவை. ‘டேலி தெரிந்த ஆள் தேவை’ என்ற அட்டை தொங்காத தொழிற்பேட்டையைக் காண்பது அரிது. படித்தால் வேலை உண்டு. என் கவலையெல்லாம் அந்தப் படிப்பில் எதைச் சொல்லித் தருகிறார்கள் என்பதில்தான்.

செக்கிங்கிலிருந்து அக்கவுண்ட்ஸுக்கு மாறிய ஒரு பெண்ணிடம் பேசினேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இரவு வகுப்பிலேயே சில மாதம் படித்து, தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, சான்றிதழை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். முதல் நாள் காலையில் முதலாளி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பில் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, “ஏம்மா, இதையெல்லாம் ஏத்திருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கட்டில் என்னவெல்லாம் இருந்தன என்று அவர் விரல் விட்டுச் சொன்னார். கோவை மில்லின் நூல் பில். எடையைப் பேனாவால் அடித்துத் திருத்தியிருந்த நிட்டிங் பில். விலையே போடாமல் எடை மட்டும் எழுதிய டையிங் டெலிவரி சலான். லாரி ரசீது. டீக்கடைத் துண்டுச்சீட்டு. முதலாளி மனைவியின் பேரில் ஒரு பில். எல்லாவற்றுக்கும் அடியில் ‘கிரெடிட் நோட்’ என்று தலைப்பிட்ட ஒரு தாள்.

“வகுப்புல எல்லா பில்லும் அச்சடிச்ச மாதிரி அழகா இருந்துச்சுங்க. இங்க பாதி கசங்கி, தேதியே தெரியல. எது நம்ம போட்ட பில்லு, எது நமக்கு வந்த பில்லுன்னே எனக்குப் புரியலைங்க. கேக்கவும் கூச்சம். அதான் சர்டிபிகேட் கொண்டுட்டு வந்திருக்கமே!”

அந்தக் கிரெடிட் நோட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். மில்லிலிருந்து 50,000 ரூபாய்க்கு நூல் வந்தது. 5 சதவீத வரி 2,500. அதில் 10,000 ரூபாய் நூல் சரியில்லை என்று திருப்பி அனுப்பியாயிற்று. அதற்கான வரி 500. மில்லுக்காரர் அந்த 10,500 ரூபாயைக் கழித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியதுதான் கிரெடிட் நோட். பார்த்தால் பில் போலவே இருக்கும். மேலே மில் பெயர், நடுவே எடை, கீழே வரி. அவர் அதை இன்னொரு பர்ச்சேஸ் பில்லாக ஏற்றிவிட்டார்.

கணினி ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறது? பற்றும் வரவும் சமமாக இருந்தன. இருப்பாய்வு, அதாவது ட்ரயல் பேலன்ஸ், பைசா பிசகாமல் நின்றது. ஆனால் 40,000 இருக்க வேண்டிய கொள்முதல் 60,000 ஆகிவிட்டது. கொள்முதலில் கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதற்குத்தான் இன்புட் என்று பெயர்; 2,000 எடுக்க வேண்டிய அந்த இன்புட் வரி 3,000 ஆனது. மில்லுக்குத் தர வேண்டிய 42,000 புத்தகத்தில் 63,000 என்று நின்றது. முதலாளி அதைப் பார்த்து செக் எழுதியிருந்தால் 21,000 ரூபாய் அதிகமாகப் போயிருக்கும். கூடுதலாக எடுத்த இன்புட்டைப் பயன்படுத்தியும் விட்டால் அதற்கு 18 சதவீத வட்டி வேறு. ஆடிட்டர் ஆபீஸில் ஒரு பெரியவர் கண்ணில் பட்டதால் அந்த மாதமே சரிசெய்யப்பட்டது. அந்தப் பெண் அன்றிரவு வீட்டுக்குப் போய் அழுதாராம்.

அவர் முட்டாள் அல்ல. வகுப்பில் சொன்னதை அப்படியே செய்தார். வகுப்பில் சொன்னது எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்பது. எந்தத் தாள் எங்கிருந்து வந்தது, அது வந்ததால் யாருக்கு யார் கடன்பட்டார், யார் கடன் குறைந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கணக்கு என்பதே அதுதான். இதை விட்டுவிட்டுத் தரும் சான்றிதழ், வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களின் தூக்கத்தைத் திருடுகிறது என்றே நான் சொல்வேன்.

இன்னொன்றும் பார்த்தேன். 1,20,000 ரூபாய் தையல் இயந்திரத்தை நூல், துணியோடு சேர்த்துக் கொள்முதலில் போட்டுவிட்டார் வேறொரு புதியவர். இயந்திரம் சொத்து. முழு ஆண்டு ஓடியிருந்தால் வருமான வரிக் கணக்கில் 15 சதவீதத் தேய்மானம், அதாவது 18,000 ரூபாய்தான் அந்த ஆண்டுச் செலவு. மொத்தத்தையும் கொள்முதலில் தள்ளியதால் லாபம் 1,02,000 ரூபாய் குறைந்து காட்டியது. இங்கேயும் இருப்பாய்வு சமமாகவே நின்றது. ‘டேலி ஆகிவிட்டது’ என்றால் கணக்கு சரி என்று நம்புகிற ஒரு தலைமுறையை நாம் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது.

பழைய நாட்களில் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த நகரத்தார் வட்டிக்கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு வரிசை இருந்தது. பெட்டியடிப் பையனாகப் போனவன் பெரியவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர்கள் பேரேடு எழுதுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் கணக்கு கற்றான். அவன் எழுதியதை மேலே ஒருவர் பார்த்தார், தப்பென்றால் திருத்தினார். அந்தக் காலம் திரும்பாது, திரும்பவும் வேண்டாம். ஆனால் திருத்துவதற்கு ஓர் ஆள் இருந்தாரே, அவரை எந்தச் செயலியிலும் காணோம். பதிவு செய்த வீடியோவிடம் சந்தேகம் கேட்க முடியாது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் தேர்வு, நாம் எங்கே குழம்பினோம் என்று சொல்லாது.

மாதக் கணக்குக்கு ஒரு தாளம் உண்டு. 7-ம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11-ம் தேதி ஆர்-ஒன், அதாவது விற்ற பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி படிவம். 14-ம் தேதி டூ-பி, அதாவது நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல் வரும். 15-ல் பிஎஃப், இஎஸ்ஐ. 20-ல் வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் த்ரீ-பி. மாதாமாதம் தாக்கல் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு இந்தத் தேதிகள்தான் வாழ்க்கை. நமக்குச் சரக்கு விற்றவர் தன் ஆர்-ஒன்னில் அந்த பில்லைக் காட்டாவிட்டால் நம் டூ-பியில் அது வராது. வராவிட்டால் இன்புட் எடுக்க முடியாது. அப்போது போன் போட்டு, “அண்ணா, போன மாச பில்லு இன்னும் ஏறலைங்க” என்று கேட்க வேண்டியது அக்கவுண்டன்ட்தான். அந்தக் கிரெடிட் நோட் தப்பைக்கூட 14-ம் தேதி டூ-பியோடு ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருக்கலாம். இந்த ஒப்பிடும் வேலையை ஒரு மாதமாவது செய்ய வைக்காத கணக்குப் படிப்பு அரைப் படிப்புதான்.

“விதிகளெல்லாம் சாப்ட்வேரிலேயே இருக்கிறது, அடுத்து பில்லைப் போட்டோ எடுத்தால் அதுவே ஏற்றிக்கொள்ளும், எதற்கு இவ்வளவு பாடம்?” என்று பயிற்சி மையம் நடத்தும் ஒருவர் கேட்டார். இருக்கலாம். என்ட்ரியை இயந்திரம் போடட்டும். அது தப்பாகப் போட்டதைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் தேவைப்படும். பட்டனை மட்டும் படித்தவருக்கு அன்று வேலை இருக்காது.

விதிகளும் நிற்பதில்லை. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு 1,000 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. அன்றிலிருந்து 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. வரி எதற்காக, எந்தக் கட்டத்தில், யார் மேல் விழுகிறது என்று புரிந்தவர் அன்று ஒரு டீ குடிக்கும் நேரத்தில் மாறிக்கொண்டார். மனப்பாடம் செய்தவர் பழைய விகிதத்திலேயே பில் போட்டார்.

அப்படியானால் வேலைக்குப் போகிறவர் எங்கே படிப்பது? பெரிய பணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தில் நிதிக் கணக்கியல் பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம். அதுவும் வீட்டிலிருந்து எழுத முடியாது, மையத்துக்குப் போக வேண்டும். வாராந்தரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கும், மெதுவாகப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் அரசு தொழில்நுட்பத் தேர்வாக இன்றும் இருக்கும் கணக்கியலைப் பலர் மறந்தேவிட்டார்கள். ஜூனியர், சீனியர் என இரண்டு நிலை. எதிரே ஒரு மாஸ்டர் உட்கார்ந்திருப்பார், தப்பைச் சிவப்பு மையில் சுழிப்பார்.

ஆன்லைனில்தான் முடியும் என்பவர்கள் அதிலேயே படியுங்கள். கூடவே, தெரிந்த கடைக்காரரிடமோ ஆடிட்டர் ஆபீஸிலோ கேட்டு, பழைய ஒரு மாதத்து பில் கட்டை வாங்கி, முதலில் நோட்டில் கையால் எழுதிப் பாருங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒட்டிப் பாருங்கள். எது எங்கே போகிறது என்று தெரியாததை அனாமத்தில் தள்ளிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், மறுநாள் யாரையாவது கேளுங்கள். செக்கிங்கிலிருந்து வந்த அந்தப் பெண் இப்போது அதைத்தான் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஆடிட்டர் ஆபீஸ் பெரியவர் முன்னால் பழைய பில்களோடு உட்காருகிறார். அந்தப் பெண் ஆன்லைன் வகுப்புக்குக் கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூட அந்தப் பெரியவருக்குப் போகவில்லை.

வகுப்பில் சேரப் பணம் கட்டும் முன் போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள்: நிஜ பில் தருவீர்களா? நான் போட்ட என்ட்ரியை யார் பார்த்துத் திருத்துவார்? ஆளைச் சொன்னால் சேருங்கள். “எல்லாம் வீடியோவில் இருக்கிறதுங்க” என்றால் போனை வைத்துவிடுங்கள்.