பாதத்தில் ஒட்டும் வண்ணப் பட்டை: யாருக்குத் தேவை?



"பிள்ளைக்குத் தட்டைப் பாதம், டேப் ஒட்டினால் சரியாகிவிடுமாமே?" என்று பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. விளையாட்டு வீரர்களின் தோளிலும் முழங்காலிலும் நீலமும் ரோஸுமாகத் தெரியும் அந்த எலாஸ்டிக் பட்டையைத்தான் சொல்கிறார்கள். காசு செலவழிக்கும் முன் கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்வோம்.

1970களில் ஜப்பானின் கென்ஸோ கஸே உருவாக்கியது இது. நீண்டு சுருங்கும் பருத்தித் துணி, பின்புறம் பசை, அவ்வளவுதான். மருந்து எதுவும் கிடையாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர்கள் ஒட்டிக்கொண்டு ஆடியபின் ஊரெல்லாம் பரவியது.

பாதத்தின் உள்வளைவு தாழ்ந்து கணுக்கால் உள்பக்கம் சாயும்போது, இழுத்து ஒட்டிய பட்டை அந்த வளைவைத் தாங்கும் என்பது எண்ணம். சிலருக்கு வலி கொஞ்சம் குறைகிறது. ஆனால் இழுக்காமல் சும்மா ஒட்டிய பட்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. எலும்பின் அமைப்பை இது மாற்றாது. செருப்புக்குள் வைக்கும் மெத்தை வீட்டிலும் பள்ளிவாசலிலும் கூட வராது, பட்டை வரும். அது ஒரு வசதி.

சிறு குழந்தைகளுக்குப் பாதம் தட்டையாக இருப்பது இயல்பு. வளர வளர வளைவு தெரியும். பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது வளைவு தோன்றி, வலியும் இல்லையென்றால் பட்டையும் வேண்டாம், கவலையும் வேண்டாம். வலி இருந்தாலோ, ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தாலோ, பாதம் விறைப்பாக இருந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாம் அதிகம் அஞ்சுவது சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்காகத்தான். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குப் பட்டையின் கீழ் கொப்புளம் வந்தாலும் தெரியாது. அது புண்ணாகி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் குடும்பங்களிலேயே பார்த்திருக்கிறோம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒட்டவே கூடாது. பாதம் திடீரென்று வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒளு பற்றியும் கேட்கிறார்கள். ஒருமுறை ஒட்டினால் மூன்று நான்கு நாள் இருக்கும்; பசை பிடித்த இடத்தில் தண்ணீர் தோலைத் தொடாது. கழற்றினால் தீங்கு வரும் என்ற நிலையில் போட்ட கட்டுக்கு மஸஹ் செய்யும் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அதனுடன் தயம்மமும் சேரும். "ஒட்டிப் பார்க்கலாமே" என்று ஒட்டியதற்கு அந்தச் சலுகை பொருந்துமா என்பது வேறு கேள்வி. பட்டை அவசியம்தானா, தொழுகை நேரத்தில் கழற்றலாமா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே உங்கள் பள்ளி இமாமிடம் சொல்லி விளக்கம் பெறுங்கள்.

கழற்றும்போது சரக்கென்று இழுக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்து, தோலை அழுத்திப் பிடித்தபடி மெல்ல உரியுங்கள். அரிப்போ தடிப்போ இருந்தால் மறுபடி ஒட்டாதீர்கள்.