நீருக்குள் தலைகீழாக ஒரு பட்டம்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து வடபகுதியில் ஆர்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரெனடா என்று நான்கு பெரிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. யாசூ ஆற்றுப் படுகையை வெள்ளத்திலிருந்து காக்க, ராணுவப் பொறியாளர் படை 1940 முதல் 1954க்குள் ஒவ்வொன்றாகக் கட்டி முடித்தவை. இன்று அவை கிராப்பி மீனுக்குப் பெயர்போனவை. தட்டையான வெள்ளி உடலில் கருந்திட்டுகள் கொண்ட நன்னீர் மீன் இது. அரைக் கிலோ இருந்தாலே நல்ல மீன். 1957இல் ஈனிட் அணையருகே சிக்கிய வெள்ளைக் கிராப்பி ஒன்று 2.35 கிலோ இருந்தது. அந்த இனத்தின் உலக சாதனை இன்றும் அதுதான்.

கோடையில் இந்த மீனைத் தேடுவது எளிதல்ல. மேல்நீர் கொதிக்கிறது, அடிநீரில் ஆக்சிஜன் குறைகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட அடுக்கில், கரையை விட்டு விலகி, நட்டநடு ஏரியில் கிராப்பிகள் மிதந்து திரிகின்றன. மத்தி மீனின் தூரத்து உறவான ஷாட் என்ற சிறுமீன் கூட்டம் போகும் இடமெல்லாம் அவையும் போகின்றன. ஓரிடத்தில் தூண்டில் போட்டுக் காத்திருந்து பயனில்லை. எனவே படகை மெதுவாக ஓட்டி, பின்னால் பொய்யிரைகளை இழுத்துச் செல்கிறார்கள். இதற்கு டிரோலிங் என்று பெயர். வேகம் மணிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோமீட்டர், அதாவது சாவகாசமாக நடப்பவரின் வேகம். இழுக்கப்படும் பொய்யிரை கிராங்க்பெய்ட்: உள்ளே காற்றடைத்த, விரல் நீளப் பிளாஸ்டிக் மீன்.

அதை நீரில் போட்டால் மிதக்கும். இழுத்தால் மூழ்கும். காரணம், வாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சாய்வான தகடு. 'உதடு' என்பார்கள். காற்று பட்டத்தை மேலே தள்ளுவதுபோல, எதிர்ப்படும் நீர் இந்த உதட்டைக் கீழே தள்ளுகிறது. உதடு நீளமாக, உடலின் நேர்கோட்டை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தால் ஆழமாக இறங்கும்; குட்டையாகச் செங்குத்தாக நின்றால் மேலாகவே ஓடும்.

உதடு இன்னொரு வேலையும் செய்கிறது. அதன் ஓரங்களிலிருந்து நீர்ச்சுழல்கள் இடம், வலம் என்று மாறிமாறிக் கழன்றுகொள்கின்றன. ஒவ்வொரு கழற்சியும் பொய்யிரையை ஒரு பக்கம் உதைக்க, அது உயிருள்ள மீனாக நெளிகிறது. அந்த அதிர்வை, மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு கலங்கிய நீரிலும் உணர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த வியப்பு இனிமேல்தான். படகை விரைவாக ஓட்டினால் பொய்யிரை இன்னும் ஆழம் போகும் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலும் போகாது. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் உதட்டின் மேல் விழும் விசை ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுகிறது. ஆனால் பொய்யிரையைக் கட்டிய நைலான் நரம்பை நீர் பின்னுக்கு இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. இரண்டும் ஈடுகட்டிக்கொள்ள, ஆழம் அநேகமாக மாறுவதேயில்லை. அதை மாற்றுபவை, எவ்வளவு நரம்பு விடுகிறோம், நரம்பு எவ்வளவு தடிமன் என்ற இரண்டும்தான். மெல்லிய நரம்பு நீரை எளிதாகக் கிழிக்கும். பொய்யிரை கூடுதலாக இறங்கும். அதனால்தான் இந்த ஏரிகளில் பலர், விட்ட நரம்பின் நீளத்தைக் காட்டும் எண்ணிமானி பொருத்திய ரீல்களை வைத்திருக்கிறார்கள்.

ஆகவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விலையோ நிறமோ அல்ல, ஆழம். பாண்டிட் என்ற பிரபல வகையில் 100, 200, 300 என்று வரிசைகள் உண்டு. 200 நாலு முதல் எட்டு அடி, 300 எட்டு முதல் பன்னிரண்டு அடி ஆழத்தில் ஓடும். கிராப்பியின் கண் மேல்நோக்கிப் பார்க்கும் என்பதால், மீன் நிற்கும் ஆழத்துக்குச் சற்று மேலே பொய்யிரை ஓட வேண்டும்.

பின்லாந்தின் லவ்ரி ரப்பாலா 1936இல் தக்கையைக் கையால் செதுக்கித் தன் முதல் பொய்யிரையைச் செய்தார். இன்று உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டிவிடுகிறார்கள். அதனால் ஐந்தாறு டாலருக்கே நல்லது கிடைக்கிறது. எட்டுத் தூண்டில் கோல் கட்டும் படகுக்கு இது சிறு விஷயமில்லை. நீரில் மூழ்கிய பழைய மரக்கட்டைகளில் சில தொலையவும் செய்யும். நல்லவேளையாக, உதடு முதலில் இடித்துத் தூண்டில் முட்களைக் காக்கிறது. நரம்பைத் தளர்த்தினால் பொய்யிரை தானே மேலெழும்பி விடுபட்டுவிடும்.

மலிவானதில் எதைச் சோதிப்பது? வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துங்கள். உள்காற்று விரிந்து, ஒட்டுச் சரியில்லாத இடத்தில் குமிழி விடும். பிறகு படகோரமாக இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கமாக ஓடினால் பக்கத்து நரம்புகளோடு சிக்கும், ஆழமும் இறங்காது. உதட்டை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்து, அது எந்தப் பக்கம் ஓடியதோ அதற்கு எதிர்ப்பக்கமாக, நரம்பு கட்டும் வளையத்தைக் குறட்டால் மயிரிழை வளைத்தால் போதும். முள் மழுங்கலாக இருந்தால் மாற்றலாம். அதே எடையில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நெளிவு கெடும். கிராப்பியின் வாய்த்தோல் காகிதம்போல் கிழியும் என்பதால் கூர்மையான முள் அவசியம்.

நிறம் கடைசியில். தெளிந்த நீரில் ஆழம் கூடக்கூட முதலில் மறைவது சிவப்பு. கலங்கல் நீரில் நிலைமை தலைகீழ்: நீலம் முதலில் மறைய, மஞ்சளும் சிவப்பும் தாக்குப்பிடிக்கின்றன. மிசிசிப்பியின் மண்ணிற ஏரிகளில் ரோஸும் ஆரஞ்சும் எடுபடுவதை இது பெருமளவு விளக்குகிறது.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. படகை அகலமாக வளைத்துத் திருப்புங்கள். வெளிவளைவில் உள்ள பொய்யிரைகள் விரைவாகவும் உள்வளைவில் உள்ளவை மெதுவாகவும் ஓடும். மீன் கடித்து வெளிப்பக்கக் கோல்கள் வளைந்தால் வேகத்தைக் கூட்டுங்கள். உட்பக்கக் கோல்கள் வளைந்தால் குறையுங்கள்.