யாரும் காணாத ஓர் அடி

கோல்ஃப் விளையாட்டை நம்மில் பலர் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருப்போம். பரந்த புல்வெளியில் 18 குழிகள். ஒவ்வொரு குழியும் நாலேகால் அங்குல அகலம்தான். மிகக் குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் சேர்ப்பவரே வெற்றியாளர். 300 கஜம் பறக்கும் அடியும், குழியின் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உருட்டும் அடியும் கணக்கில் ஒன்றுதான். பெரும்பாலான ஆட்டங்களில் கூடவே வரும் நடுவர் இல்லை. தன் தவறைத் தானே சொல்லித் தண்டனையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இவ்விளையாட்டின் அடிப்படை.

பரிசுப் பணம் பெறாமல் விளையாட்டின் மீதுள்ள ஆர்வத்திற்காகவே ஆடுபவரை 'அமெச்சூர்' என்கிறோம். 'அன்பு செய்பவர்' என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உடையவராக வாழ்ந்தவர் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1902-ஆம் ஆண்டு பிறந்த பாபி ஜோன்ஸ். பொறியியல், இலக்கியம், சட்டம் படித்து வழக்கறிஞரானவர்.

சிறுவயதில் நோஞ்சானாக இருந்த ஜோன்ஸ், ஈஸ்ட் லேக் மைதானத்தில் ஸ்டூவர்ட் மெய்டன் என்ற ஸ்காட்லாந்துப் பயிற்சியாளரின் பின்னாலேயே நடந்து, அவர் மட்டை வீசும் விதத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 14 வயதிலேயே தேசிய அமெச்சூர் போட்டியில் ஆடினார். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அடுத்த ஏழு ஆண்டுகள் பெரிய வெற்றி எதுவும் கிட்டவில்லை. யோசேப்பின் வரலாற்றில் வரும் பஞ்ச காலத்தைப்போல, அவற்றை 'ஏழு வறண்ட ஆண்டுகள்' என்று எழுதினார்கள்.

காரணம் என்ன? கோபம்! ஓர் அடி தவறினால் மட்டையை வீசி எறிவார். 1921-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில், மூன்றாம் சுற்றின் முதல் ஒன்பது குழிகளுக்கு 46 அடிகள் ஆகிவிட்டன. 11-ஆவது குழியில் பந்து மணலில் சிக்கியது. பொறுமையிழந்த 19 வயது ஜோன்ஸ், பந்தைக் கையில் எடுத்துப் போட்டியைக் கைவிட்டார்.

அந்த நாளை அவர் மறக்கவில்லை. நெடுங்காலம் அதற்காக வெட்கப்பட்டார். தன்னைத் தோற்கடிப்பது எதிராளி அல்ல, தன் உள்ளமே என்று மெல்ல உணர்ந்தார். எதிராளியைப் பார்த்து ஆடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு குழிக்கும் நிர்ணயிக்கப்பட்ட 'பார்' என்ற அடிக்கணக்கோடு மட்டும் போட்டியிடப் பழகினார். 1923-இல் அமெரிக்க ஓப்பனை வென்றார். வென்ற பிறகும் மாணவராகவே இருந்தார். 1924-இல் வால்டர் டிராவிஸ் என்ற மூத்த ஆட்டக்காரர், பந்தை உருட்டும் முறையில் திருத்தம் சொன்னபோது பணிவோடு ஏற்றுக்கொண்டார்.

ஆனால் உண்மையான சோதனை 1925-இல் வந்தது. உஸ்டர் நகரில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியின் முதல் சுற்று. உயர்ந்த புல்லில் கிடந்த பந்தை அடிக்க ஆயத்தமானபோது, பந்து சற்றே அசைந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. ஜோன்ஸ் தாமே முன்வந்து, தமக்கு ஓர் அடி அபராதம் சேர்க்கும்படி சொன்னார். அதிகாரிகள் விசாரித்தும் சாட்சி எவரும் இல்லை. முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. நான்கு சுற்றுகளின் முடிவில் அவரும் வில்லி மேக்ஃபார்லனும் சமநிலையில் நின்றார்கள். அந்த ஓர் அடி இல்லையென்றால் கோப்பை அன்றே ஜோன்ஸுக்கு! மறுபடி ஆடிய 36 குழிகளில் ஒரே ஓர் அடியில் தோற்றார். பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவரைப் பாராட்டுவீர்களா என்ற பொருளில் பதில் சொன்னார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் சினத்தால் பந்தை எடுத்த அதே கை, இப்போது அபராதத்தைத் தானே எழுதச் சொன்னது. முன்னேற்றம் என்பது இதுதான் அல்லவா? பயிற்சி கையைத் திருத்துகிறது. ஆட்டம் நம்மை நமக்கே காட்டுகிறது. தன்னாய்வு உள்ளத்தைத் திருத்துகிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வளர்ச்சி நின்றுவிடும்.

1927-இல் அதே செயின்ட் ஆண்ட்ரூசில் ஜோன்ஸ் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். 1930-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்று, 28 வயதில் போட்டிகளிலிருந்து விடைபெற்றார். பின்னாளில் தண்டுவட நோய் அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது. 1958-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் தன் கௌரவக் குடியுரிமையை அவருக்கு அளித்தது. அவர் தலைகுனிந்து வெளியேறிய ஊரே அவரைத் தன் மகனாக ஏற்றுக்கொண்டது. 1971 டிசம்பரில், கத்தோலிக்கரான தம் மனைவி மேரியின் விசுவாச வாழ்வால் ஈர்க்கப்பட்டு, இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் திருமுழுக்குப் பெற்றார்.

அன்பார்ந்தவர்களே, நம்மில் பெரும்பாலோர் கோல்ஃப் மட்டையைத் தொடப்போவதில்லை. ஆனால் கடையின் கணக்கேட்டிலும், தேர்வுத் தாளிலும், வீட்டின் நான்கு சுவர்களுக்குள்ளும் பந்து சற்றே அசைவது நமக்கு மட்டுமே தெரியும் நேரங்கள் உண்டு. அந்த ஓர் அடியை நம் கணக்கில் எழுத முன்வருகிறோமா? இன்றிரவு உறங்கப்போகும் முன் சற்றுச் சிந்திப்போம்.