நாடா போய் பத்திரம் வந்தது

என் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் கிடக்கும் கேசட்டுகளில் ஒன்று ‘தளபதி’. மணிரத்னம் படம், ரஜினிகாந்த் நடிப்பு, இளையராஜா பாட்டு. 1991 தீபாவளிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் அந்தப் பாட்டுதான். ஆனால் அதை விற்றவர்கள் சென்னைக்காரர்கள் இல்லை. பெங்களூர் லஹரி கம்பெனி. ஜி. மனோகர் நாயுடுவும் சகோதரர்களும் நடத்தியது. ஆடியோ உரிமைக்கு அவர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் தொகை 72 லட்சம். அன்றைக்குத் தலைசுற்ற வைத்த விலை.

அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால் இப்படி ஒரு கம்பெனியை நினைத்தே பார்த்திருக்க முடியாது. இசைத்தட்டு என்றால் எச்எம்வி வைத்ததுதான் சட்டம். தட்டு அழுத்தப் பெரிய ஆலை வேண்டும். அது கல்கத்தா டம்டம்மில் இருந்தது. கன்னட சினிமாப் பாட்டைப் பதிவு செய்யக்கூட மெட்ராஸுக்குத்தான் ரயில் ஏறினார்கள். கன்னட நடிகர் சங்கர் நாக் பெங்களூரில் ‘சங்கேத்’ ஸ்டூடியோவைக் கட்டியது அந்த அலைச்சல் தாங்காமல்தான் இருக்க வேண்டும். கேசட் வந்ததும் கதை மாறியது. நாலைந்து பிரதி மெஷின், ஒரு அறை, கடன் கொடுக்க ஒரு சொந்தக்காரர் இருந்தால் கம்பெனி ரெடி. 1978இல் நிசார் அகமதுவின் கவிதைகளுக்கு மைசூர் அனந்தசாமி மெட்டமைத்த ‘நித்யோத்சவ’ வந்து, சினிமா இல்லாத கன்னடப் பாட்டும் விற்கும் என்று காட்டியது. 1987இல் ரவிச்சந்திரனின் கன்னடப் படம் ‘பிரேமலோகா’. ஹம்சலேகாவின் பாட்டுகள் லஹரியைத் தூக்கி நிறுத்தின.

அந்தத் தொழிலின் கணக்கு மளிகைக் கடைக் கணக்கு. இத்தனை பீஸ் போனது, இத்தனை ரிட்டர்ன் வந்தது, எந்த ஊர் டீலர் இன்னும் பணம் அனுப்பவில்லை. எதிரி தெருமுனையிலேயே உட்கார்ந்திருப்பான்: காலி கேசட்டும் பாட்டு லிஸ்டும் கொடுத்தால் மாலைக்குள் பதிந்து கொடுக்கும் கடைக்காரன். கேசட்டின் முதுகுப் பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னச் சதுரக் குழி இருக்கும். கம்பெனி கேசட்டில் அங்கே இருக்க வேண்டிய மூடி இருக்காது. மேலே எதையும் பதிய முடியாதபடி காவல். ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டினால் காவல் முடிந்தது. என் டின்னில் பாதி கேசட் அப்படி டேப் ஒட்டியதுதான். பக்திப் பாட்டு மேல் இளையராஜாவை ஏற்றிய பாவம் எனக்கும் உண்டு.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். நடைபாதையில் நூறு பாட்டு அடங்கிய எம்பி3 தட்டு, செல்போன், பெங்களூர் பிரிகேட் ரோட்டுப் பாட்டுக் கடைகளில் இறங்கிய ஷட்டர். நடுவில் கொஞ்ச காலம் காலர் ட்யூன் சோறு போட்டது.

2021இல் ‘கேஜிஎஃப் 2’ படத்தின் தென்னிந்திய மொழி ஆடியோ உரிமையை லஹரியும் டி-சீரிஸும் 7.2 கோடிக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. 72 லட்சம், 7.2 கோடி. முப்பது வருஷத்தில் சரியாகப் பத்து மடங்கு. தங்கம் அதைவிட அதிகம் ஏறியிருக்கிறது. ஆக விலை ஏறவில்லை என்றுகூடச் சொல்லலாம். மாறியது வாங்கிய பொருள். 1991இல் பணம் கொடுத்தது நாடாவில் பதிந்து விற்கத்தான். நாடா குப்பைக்குப் போய்விட்டது, உரிமைப் பத்திரம் மட்டும் பெட்டியில் தங்கியது. அந்தப் பத்திரத்துக்கு ஆயுசும் கூடியது. தாகூரின் எழுத்துகளுக்கு உரிமை முடியப்போகிறதே என்று 1992இல் காப்புரிமைக் காலத்தை 50 வருஷத்திலிருந்து 60 ஆக நீட்டினார்கள். ஒலிப்பதிவுகளுக்கும் அதே நீட்டிப்பு. வங்காளக் கவியின் புண்ணியத்தில் ‘தளபதி’ ஒலிப்பதிவுக்கு 2051 முடியும் வரை சொந்தக்காரர் உண்டு. இன்று யாரோ யூடியூபில் அதைப் போட்டாலும் காசு யாருக்குப் போக வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் சொல்கிறது.

தாளின் பலத்தை 2022 நவம்பரில் ஊரே பார்த்தது. ‘கேஜிஎஃப் 2’ இந்திப் பாட்டு உரிமை வைத்திருந்த பெங்களூர் எம்ஆர்டி மியூசிக், காங்கிரஸின் பாரத் ஜோடோ யாத்திரை வீடியோவில் அந்தப் பாட்டு வந்ததென்று வழக்குப் போட்டது. கட்சியின் ட்விட்டர் கணக்கை முடக்கச் சொன்னது பெங்களூர் வணிக நீதிமன்றம். மறுநாளே, அந்த வீடியோக்களை நீக்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது.

சினிமாவை ஒட்டாத சின்ன லேபிள்களுக்கு இந்த முப்பது வருஷப் பெட்டி கிடையாது. வாசல் மட்டும் அகலத் திறந்திருக்கிறது. டீலரும் வேண்டாம், பிரதி மெஷினும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டினால் பாட்டு எல்லாச் செயலியிலும் ஏறிவிடும். ஏறியதும் கூட்டத்தில் தொலைந்தும்விடும். 2024 முதல் ஸ்பாட்டிஃபை, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவைகூட ஓடாத பாட்டுக்குக் காசே தருவதில்லை. 1996இலிருந்து இருக்கும் பெங்களூர் ராக் குழு ‘தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்’ சொந்தப் பாட்டோடு ஒரு இசைப் பள்ளியும் நடத்துவதை நான் தோல்வியாகப் பார்க்க மாட்டேன்; அதுதான் கெட்டிக்காரத்தனம். பழைய கை சும்மா இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 2022இல் கிராமி வாங்கிய ரிக்கி கேஜ், ஸ்டூவர்ட் கோப்லேண்டின் ‘டிவைன் டைட்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டது லஹரிதான், அதே கேசட் கம்பெனி.

போன மாதம் பசவனகுடியில் ஒரு வீட்டு மாடி ஸ்டூடியோ. நான்கு பையன்கள், பாட்டு முடிந்துவிட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் தரும், எழுத்தும் எண்ணும் கலந்து பன்னிரண்டு குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடும் கையில் வந்தாயிற்று. மீதி, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதுவதுதான். மெட்டு போட்டவனுக்கு, எழுதியவனுக்கு, மாஸ்டர் ஒலிப்பதிவுக்குச் செலவழித்தவனுக்கு. “அந்த ட்ரம்ஸ் இல்லாம இந்தப் பாட்டே இல்ல மச்சான்” என்றான் ட்ரம்மர், முகத்தைப் பார்க்காமல். இதை எழுதாமலே மேடையேறி, பிறகு பேச்சுவார்த்தை நின்றுபோன குழுக்கள் எனக்குத் தெரியும். இவர்களாவது தாளை எடுத்தார்களே என்று இருந்தது. கடைசியில் கூட்டிப் பார்த்தார்கள். 105 வந்தது. இன்னொரு ரவுண்டு காபி சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள்.