இரண்டு மணிக்கட்டு, ஒரே கணக்கு

காலையில் கோவை சரவணம்பட்டி சத்தி ரோட்டில் நின்றால், ஐ.டி. கம்பெனி வண்டிகளுக்கு நடுவே நர்சிங் மாணவிகளின் பஸ்ஸும் கண்ணில் படும். பி.பி.ஜி. நர்சிங் கல்லூரி இந்த ஊரில்தான் இருக்கிறது. பஸ்ஸின் முன் சீட்டில் புடவையும் வெள்ளைக் கோட்டுமாக ஒரு மேம், அதாவது ஆசிரியை, உட்கார்ந்திருப்பார். ‘வார்டு வேலை முடியாமல் வாத்தியார் வேலைக்கு வந்துவிட்டார்’ என்றுதான் அவரைப் பற்றி நம்மில் பலர் நினைக்கிறோம்.

அந்த நினைப்பைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். அவர் இப்போது போவதே வார்டுக்குத்தான். நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங், பிறகு வேலை அனுபவம், அதற்கும் மேல் இரண்டு வருஷம் எம்.எஸ்சி. அதில் குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமூக நலம், மருத்துவ-அறுவை என்று ஐந்தில் ஒரு துறை.

கல்லூரிப் பாடத்தில் பாதி உயிர், வார்டில் நேரடியாகப் பழகும் ‘கிளினிக்கல் போஸ்டிங்’கில் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் காரை நினைத்துக்கொள்ளுங்கள்: ஸ்டியரிங் கற்பவர் கையில், பக்கத்து சீட்டுக்காரரின் கால் இன்னொரு பிரேக்கில். பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்த கணக்கு. பத்து ஸ்டியரிங், ஒரே பிரேக்!

ஊசியை விடுங்கள், நாடி பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். முதலில் மேம் செய்துகாட்டுவார்; அது ‘டெமோ’. மாணவி திருப்பிச் செய்துகாட்ட வேண்டும். அது ‘ரிட்டர்ன் டெமோ’. பிறகுதான் நோயாளி. வார்டில் அவசரக்காரப் பெண் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கிவிடுவாள். எண் 72 என்று அழகாக வந்துவிடும். ஆனால் நடுநடுவே துடிப்பு தவறியதை அவள் கவனித்திருக்க மாட்டாள். அதனால் மேம் நோயாளியின் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்து, மாணவியோடு சேர்ந்து முழு நிமிடமும் மனதுக்குள் எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் மறுபடி எண்ணல்; திட்டெல்லாம் வார்டுக்கு வெளியே.

இதற்கிடையில், “ஏனுங்க, படிக்கிற புள்ளைங்களா பாக்குது?” என்று முகம் சுளிக்கும் நோயாளியையும் அவர்தான் சமாதானம் செய்ய வேண்டும்.

சாயங்காலம் இன்னொரு வேலை தொடங்கும். அன்னூர்ப் பக்கமிருந்து தமிழ் வழியில் படித்து வந்த பெண்ணுக்குப் புத்தகத்தின் ஆங்கிலம் சுவராக நிற்கும். வேறொருத்தி அன்றுதான் முதல் சாவைப் பார்த்திருப்பாள், சாப்பாடு இறங்காது. இன்னொருத்தி மருந்தின் அளவில் தவறவிருந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பாள். என் கணிப்பில் மேமின் திறமைக்கு உண்மையான பரீட்சை இந்த மூன்றாவது பெண்தான். தவறைச் சொன்னவளை எல்லோர் முன்னாலும் கடிந்தால், அடுத்த தவறை ஒருத்தியும் சொல்ல மாட்டாள். அதன் விலையை நோயாளிதான் கொடுப்பார்.

ஆகவே வார்டில் உங்கள் இரண்டு கையையும் இரண்டு பேர் பிடித்தால் பதற வேண்டாம். ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள், எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.